அடையாற்றுச் சான்றிதழ்: தமிழகத் தோல் ஏற்றுமதியும் சுங்க ஆவணங்களும்

சென்னைத் துறைமுகம் வழியாகத் தோல் ஏற்றுமதி செய்பவர், அது முழுமையாகப் பதப்படுத்தப்பட்ட தோல்தான் என்பதற்கு அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.எல்.ஆர்.ஐ.) சோதனைச் சான்றைச் சுங்கத்துறையிடம் காட்ட வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் இருந்தது. 2025 மே மாதம் இந்தக் கட்டாயத்தை இந்திய அரசு நீக்கியது. ஆனால் தோலோடு செல்லும் தாள்கள் அதனால் தீர்ந்துவிடவில்லை. அந்தச் சான்று எதற்காகத் தோன்றியது, எதை உறுதிசெய்தது, எதை உறுதிசெய்யவில்லை என்பதை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் விளக்குகிறது.

பின்னணி: கிழக்கிந்தியத் தோல்

தோல் பதனிடுதல் தமிழகத்தின் பழைய ஏற்றுமதித் தொழில்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னையிலிருந்து இலண்டனுக்குச் சென்றன. அங்குள்ள சந்தையில் இவற்றுக்குக் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர். ஈ.ஐ. தோல் என்று தொழிலில் இன்றும் வழங்கும் பெயர் அதன் சுருக்கமே. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு ஆகிய ஊர்களில் இத்தோல் செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன. வடாற்காட்டில் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தோல் நகரங்களாக வளர்ந்தன. சென்னை நகருக்குள் பெரியமேடு தோல்மண்டிகளின் இடமாயிற்று.

ஈ.ஐ. தோல் முழுமை பெற்ற பொருள் அன்று. அழுகாத நிலைக்கு அதைப் பதனிடுவது இங்கு நடந்தது. சாயமேற்றி, மெருகூட்டி, காலணியாகவும் பையாகவும் தைப்பது இங்கிலாந்தில் நடந்தது. கூலியும் ஆதாயமும் மிகுந்த வேலை பின்னதுதான். 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுமுறைச் சோதனைகளைத் தொடங்கியபோது, இந்த இடைவெளியைக் குறைப்பதே அவற்றின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

முதல் கேள்வி: எங்கே பதனிடுவது?

முதல் உலகப்போரில் படைவீரர்களின் காலணிகளுக்காகச் சென்னையின் ஈ.ஐ. மாட்டுத்தோலை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. பச்சைத்தோலை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதனிட்ட தோலை இறக்குமதி செய்வது போர்க்காலத்தில் எவ்வளவு இடரானது என்பது அப்போது தெரிந்தது. போர் முடிந்ததும் 1919-இல் இந்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தது. பிரித்தானியப் பேரரசுக்குள்ளேயே பதனிடப்படும் தோலாயின் அதில் 10 விழுக்காடு திருப்பித் தரப்பட்டது. 1923-இல் இச்சலுகை நீக்கப்பட்டு, வரியும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இந்த வரி நீடிக்கவில்லை. ஆயினும் பின்வந்த நடைமுறைகள் அனைத்துக்கும் அடிப்படையான ஒரு கருத்து அதில் இருந்தது. தோல் எந்த நிலையில் நாட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்துச் சுங்கம் மாறுபட வேண்டும் என்பதே அக்கருத்து. அவ்வாறு மாறுபட வேண்டுமாயின், தோல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுங்க அதிகாரிக்கு யாராவது உறுதியாகச் சொல்ல வேண்டும். அதற்கான ஆய்வகம் அப்போது இல்லை.

அடையாற்றில் ஆய்வகம்

சி.எல்.ஆர்.ஐ. 1948 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) கீழ் இயங்கும் இந்நிறுவனம் அடையாற்றில் சர்தார் பட்டேல் சாலையில் உள்ளது. அண்மையிலுள்ள அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியின் தோல் தொழில்நுட்ப மாணவர்கள் இதே வளாகத்தில் பயின்றனர். ஆராய்ச்சியாளர், மாணவர், தொழிற்சாலை உரிமையாளர் மூவரும் ஒரே இடத்தில் சந்திக்க இது வழிசெய்தது.

1958-இல் இயக்குநரான எலவர்த்தி நாயுடம்மா இந்த உறவை வலுப்படுத்தினார். ஆய்வகத்தில் கண்டறிந்ததைத் தொழிற்சாலையில் நடைமுறைக்குக் கொண்டுவருவதில் அவர் அக்கறை காட்டினார். 1971-இல் அவர் சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் குண்டு வெடித்தபோது உயிரிழந்தவர்களுள் அவரும் ஒருவர்.

1972 முதல் 1992 வரை

விடுதலைக்குப் பின்னரும் இந்தியா பெரும்பாலும் பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையுமே ஏற்றுமதி செய்துவந்தது. இதை ஆராய அமைக்கப்பட்ட சீதாராமையா குழு 1972-இல் அறிக்கை அளித்தது. பச்சைத்தோல் ஏற்றுமதியை நிறுத்தவும், பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக்கட்டுப்பாடு விதிக்கவும், முழுமையாகப் பதப்படுத்திய தோலையும் தோல்பொருள்களையும் ஊக்குவிக்கவும் அது பரிந்துரைத்தது. 1973-இல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தோல் ஏற்றுமதியாளர்களுக்கான தோல் ஏற்றுமதிக் கழகம் 1984-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது.

இந்தக் கொள்கையால் தமிழகத்தில் காலணித் தொழில் வளர்ந்தது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் எழுந்த காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை பெற்றனர். மறுபுறம், சாயமேற்றவும் மெருகூட்டவும் இயந்திரம் வாங்க முடியாத சிறு பதனிடுவோர் தங்கள் பழைய வெளிநாட்டுச் சந்தையை இழந்தனர். அவர்களில் பலர் பெரிய ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் நிலைக்கு வந்தனர்.

வரியை மையமாகக் கொண்ட கட்டுப்பாட்டு முறை 1990களில் வலுப்பெற்றது. முழுமையாகப் பதப்படுத்திய தோலுக்கு ஏற்றுமதி வரி இல்லை. அந்த நிலையை எட்டாத தோலுக்கு 60 விழுக்காடு வரை வரி. எது 'முழுமையாகப் பதப்படுத்திய தோல்' என்பதற்கான அளவுகோல்களை 1992 மே 27 அன்று வெளியான பொது அறிவிப்பு வகுத்தது. 2009 டிசம்பர் 1 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் இவற்றைத் திருத்தி வெளியிட்டது.

தோலின் நான்கு நிலைகள்

சான்றின் தேவையைப் புரிந்துகொள்ளத் தோலின் நிலைகளை அறிவது பயன்படும்.

முதல் நிலை பச்சைத்தோல். உப்பிட்டு வைக்காவிட்டால் அழுகிவிடும்.

இரண்டாம் நிலை பதனிட்ட தோல். குரோமிய உப்பால் பதனிட்டால் ஈரமும் நீலநிறமுமாக இருக்கும். இதை வெட் புளூ என்பர். ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்டது ஈ.ஐ. தோல்.

மூன்றாம் நிலை கிரஸ்ட். மீண்டும் பதனிட்டு, எண்ணெய்ப்பசை ஏற்றி, உலர்த்தியது. பெரும்பாலும் சாயமும் ஏறியிருக்கும்.

நான்காம் நிலை முழுமையாகப் பதப்படுத்திய தோல். மேல்பூச்சும் மெருகும் பெற்று, நேராக வெட்டித் தைக்கத்தக்கது.

முதலிரு நிலைகளைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு எளிதன்று. நல்ல கிரஸ்ட் தோலைப் பார்த்துப் பழக்கமில்லாதவர் முழுமையான தோல் என்றே எண்ணுவார். ஒன்றுக்கு வரியில்லை, மற்றொன்றுக்கு மிகுந்த வரி என்னும்போது, இதைச் சுங்க அதிகாரியின் கைத்தொடுகைக்கு விட்டுவிட முடியாது. எனவேதான் ஆய்வகத்தின் சான்று தேவைப்பட்டது.

நடைமுறை

எந்தப் பொருளை ஏற்றுமதி செய்தாலும் சுங்கச் சட்டம், 1962-இன் 50-ஆம் பிரிவின்படி ஏற்றுமதியாளர் ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய வேண்டும். பொருள் தடைசெய்யப்பட்டதன்று, உரிய வரி செலுத்தப்பட்டது என்று அதிகாரி நிறைவடைந்தால் 51-ஆம் பிரிவின்படி கப்பலேற்ற அனுமதி தருவார். 144-ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் அதிகாரத்தை அவருக்கு வழங்குகிறது.

தோலைப் பொறுத்தவரை இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் அடையாறு வந்தது. சரக்கிலிருந்து எடுத்த மாதிரித் துண்டுகள் சி.எல்.ஆர்.ஐ.க்குச் சென்றன. அறிவிப்பில் அந்த வகைத் தோலுக்குக் கூறப்பட்ட பதப்படுத்தும் படிகள் அனைத்தும் முடிந்துள்ளனவா என்று அங்கே சோதித்தனர். சோதனை முடிவு இராஜாஜி சாலையிலுள்ள சுங்க மாளிகையை அடைந்த பின்னரே சரக்கு நகரும். இவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லாததால், தோலைக் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது.

ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவு. சரக்கு அங்கிருந்து வந்து காத்திருக்க, தீர்ப்போ அடையாற்றிலிருந்து வர வேண்டும். கப்பல் புறப்படும் நாளும், வெளிநாட்டு வங்கியின் கடனுறுதிக் கடிதத்தில் குறித்த கெடுவும் ஆய்வகத்துக்காகக் காத்திருப்பதில்லை. தாமதத்துக்கு நாள்தோறும் கிடங்கு வாடகையும் ஏறும். இருப்பு முதல் குறைவாக உள்ள சிறு ஏற்றுமதியாளருக்கு ஒரு வாரத் தாமதமே பெருஞ்சுமை.

மேல்பூச்சுத் தகராறு

சர்ச்சைகள் பெரும்பாலும் கடைசிப் படியைப் பற்றியே எழுந்தன. பல தோல்வகைகளுக்குப் 'பாதுகாப்பு மேல்பூச்சு' கட்டாயம் என்று அளவுகோல் கூறியது. மேல்பூச்சு இல்லை அல்லது போதவில்லை என்று சோதனை முடிவு வந்தால், அந்தத் தோல் முழுமையான தோல் ஆகாது. வரிவிலக்கு போய்விடும். 113-ஆம் பிரிவின்படி சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அதை மீட்க அபராதமும், ஏற்றுமதியாளர் மீது தண்டத்தொகையும் விதிக்கலாம்.

ஏற்றுமதியாளர்களின் வாதத்திலும் பொருள் இருந்தது. வெளிநாட்டு வாங்குநர் சிலர் இயற்கைத் தோற்றம் கெடாத, பூச்சு மிக மெல்லிய தோலையே விரும்பினர். ஒரே தோலின் கழுத்துப் பகுதியும் வயிற்றுப் பகுதியும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆகவே ஒரு துண்டின் முடிவை முழுச் சரக்குக்கும் பொருத்துவது சரியா என்றும், மறுசோதனைக்கு வாய்ப்புத் தர வேண்டாமா என்றும் கேட்டனர். அரசுத் தரப்புக்கும் காரணம் இருந்தது. பெயரளவுக்குப் பூச்சுத் தெளித்த கிரஸ்ட் தோல் வரியின்றி வெளியேறினால் கொள்கையே பொருளற்றுப்போகும். இத்தகைய வழக்குகள் சென்னை ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்திலுள்ள சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்றன. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பூச்சு ஒன்று, ஒரு சரக்கின் மதிப்பில் பாதிக்கு மேற்பட்ட தொகையை முடிவுசெய்தது.

இரண்டாம் கேள்வி: தோலுக்குள் என்ன இருக்கிறது?

இதுவரை கூறியது இந்திய அரசு கேட்ட கேள்வி. 1989 டிசம்பரில் வேறொரு கேள்வி ஜெர்மனியிலிருந்து வந்தது.

ஈரத்தோல் கடற்பயணத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளை அக்காலத்தில் பயன்படுத்தினர். இது நச்சுத்தன்மை உடையது என்பதால் ஜெர்மனி தடைசெய்தது. ஒரு கிலோகிராம் தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அங்கே விற்க முடியாது. ஜெர்மனி தமிழகத் தோலுக்கு முதன்மையான சந்தைகளுள் ஒன்று. உள்ளூர்ச் சுங்கம் அனுமதித்த சரக்கு அந்நாட்டில் மறுக்கப்படும் நிலை உருவானது. மாற்றுப் பூஞ்சைக்கொல்லிகளைத் தேடுவதும், தோலில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்து சான்று தருவதும் உடனடித் தேவைகளாயின. மில்லிகிராம் அளவில் அளக்கும் கருவி சிறு பதனிடுவோரிடம் இல்லை. எனவே அவர்கள் மீண்டும் அடையாற்றையும் பிற ஆய்வகங்களையும் நாடினர்.

1994-இல் ஜெர்மனி அடுத்த தடையை அறிவித்தது. சில அசோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அரோமாட்டிக் அமீன்களை வெளிவிடும். உடலில் படும் துணியிலும் தோலிலும் அத்தகைய சாயங்கள் கூடாது என்றது அத்தடை. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் விரிவாக்கி, 22 அமீன்களுக்கு ஒரு கிலோகிராமுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்தது. சோதனையில் சாயத்தைச் சோடியம் டைதயோனைட்டு கொண்டு சிதைத்து, வெளிவரும் அமீன்களை அளக்கின்றனர். இந்திய அரசும் 1990களில் மொத்தம் 112 சாயங்களைத் தடைசெய்தது.

குரோமியம் பற்றிய விதி மேலும் நுட்பமானது. பதனிடுதலில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். தீங்கு மிக்கது ஆறிணைதிறக் குரோமியம். தோலில் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கலாகாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெப்பம், ஒளி, சிலவகை எண்ணெய்கள் ஆகியவற்றால் தோலில் உள்ள முதல்வகை பின்னர் இரண்டாம் வகையாக மாறக்கூடும். சென்னையில் தேறிய தோல் ஹாம்பர்க்கில் தோற்கலாம் என்பது இதன் பொருள். ஒரு சான்று, சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது.

மூன்றாம் கேள்வி: நீர் எங்கே போகிறது?

இந்தத் தாள்கள் அனைத்தும் சரக்கைப் பற்றியவை. சரக்கு உருவான இடத்தில் எஞ்சியதைப் பற்றி அவை கேட்கவில்லை.

தோல் பதனிட மிகுதியான நீர் வேண்டும். உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் அதைச் சூழ்ந்த நிலங்களிலும் கலந்தது. கிணற்று நீர் கெட்டது. இதனை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்று கூறியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்ற ஆய்வுத் தகவலையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உரைத்த இத்தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர்.

வழக்கு நடந்த ஆண்டுகளிலும் தோல் முறைப்படி ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. பென்டாகுளோரோபீனால் இல்லாத தோல், தடைசெய்த சாயம் இல்லாத தோல், முழுமையாகப் பதப்படுத்திய தோல் என்று தாள்கள் கூறியவற்றில் பிழை இல்லாதபோதும், அதே தோல் பதனிடப்பட்ட ஊரில் குடிநீர் கெட்டிருந்தது. தோலை அணிபவரின் நலனை ஜெர்மனியின் விதி காத்தது. தோலைச் செய்பவர் ஊரின் கிணற்றைக் காக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

2025: சான்று நீக்கம்

ஏற்றுமதி வரிகளை அரசு படிப்படியாகக் குறைத்தது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை தோல் மீதான ஏற்றுமதி வரிவிகிதங்களை எளிமைப்படுத்தியது. 2025 பிப்ரவரி 1 அன்று வெளியான நிதிநிலை அறிக்கை கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியை நீக்கியது. வெட் புளூ தோலை இறக்குமதி செய்யவும் அடிப்படைச் சுங்கவரி விலக்கு அளித்தது.

வரியில் வேறுபாடு இல்லையென்றால், நிலையைப் பிரித்தறியும் சோதனைக்கும் தேவை இல்லை. 2025 மே மாதம் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் துறைமுகக் கட்டுப்பாட்டையும் சி.எல்.ஆர்.ஐ. சோதனைக் கட்டாயத்தையும் ஒருசேர நீக்கியது. முழுமையான தோல், கிரஸ்ட், வெட் புளூ, ஈ.ஐ. தோல் ஆகியவற்றை இனி அச்சான்று இன்றியே அனுப்பலாம். காலமும் செலவும் குறைவதால் சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இது நன்மை என்று அரசு காரணம் கூறியது. பாதி பதனிட்ட தோல் மீண்டும் பெருமளவில் வெளியேறினால் உள்ளூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்குத் தோல் கிடைப்பது குறையுமா என்பது, 1919 முதல் கேட்கப்பட்டுவரும் கேள்வியின் இன்றைய வடிவம்.

இன்றைய நிலை

அரசு ஒரு தாளை விலக்கிக்கொண்டாலும் வாங்குநர் கேட்கும் தாள்கள் பெருகியுள்ளன. ஆறிணைதிறக் குரோமியம், அசோ சாயம் ஆகியவற்றுக்கான சோதனை அறிக்கைகள் ஐரோப்பாவுக்குச் செல்லும் தோலுக்குத் தொடர்ந்து தேவை. 2005-இல் தொடங்கப்பட்ட 'லெதர் வொர்க்கிங் குரூப்' என்னும் பன்னாட்டு அமைப்பு, பதனிடும் தொழிற்சாலைகளின் நீர்ப் பயன்பாடு, கழிவுநீர் மேலாண்மை முதலியவற்றைத் தணிக்கை செய்து தரமிடுகிறது. பெரிய காலணி நிறுவனங்கள் பல இத்தரத்தைக் கேட்கின்றன. காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய ஒழுங்குமுறையில் மாட்டுத்தோலும் இடம்பெற்றது. மாடு வளர்ந்த நிலம் எது என்று காட்டச் சொல்லும் இவ்விதி நடைமுறைக்கு வருவது தள்ளிவைக்கப்பட்டது. ஊர் ஊராகச் சந்தையில் கைமாறும் மாட்டின் தோலுக்கு இதை நிறுவுவது எளிதன்று.

மதிப்பீடு

ஏற்றுமதிச் சான்றுகளை வெறும் இடையூறு என்று கூறுவோரும், தரத்தின் அடையாளம் என்று கூறுவோரும் உண்டு. தமிழகத் தோலின் வரலாறு இரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை. ஒவ்வொரு சான்றும் யாரோ ஒருவரின் கேள்விக்கு விடையாகத் தோன்றியது. இந்திய அரசு வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டது. அதற்கு மேல்பூச்சுச் சான்று விடையளித்தது. ஜெர்மானிய நுகர்வோர் தம் உடல்நலத்தைப் பற்றிக் கேட்டனர். அதற்கு வேதிச்சோதனை அறிக்கை விடையளித்தது. பாலாற்றங்கரை மக்களின் கேள்வியைக் கேட்கும் இடத்தில் சுங்கமும் இல்லை, வாங்குநரும் அப்போது இல்லை. எனவே அவர்களுக்கான தாள் எல்லாவற்றுக்கும் பின்னர், நீதிமன்றத்தின் வழியாக வந்தது.

ஆகவே ஒரு சரக்கின் ஆவணங்கள் அனைத்தும் சரியாக உள்ளன என்று அறியும்போது, அவை எந்தக் கேள்விகளுக்கு விடை, எந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.